ரெண்டு ரூபாய் பாக்கி

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயப் படைக்கு 1690 முதல் 1698 வரை எட்டு வருஷம் ஆனது. அவலூர்பேட்டை டீக்கடையில் நின்ற என்னைப் பிடிக்க ஒருவனுக்கு எட்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பாவம் தளபதி சுல்பிகர் கான், அவர் காலத்தில் செல்போன் இல்லை.

ஆன்லைனில் மிக்ஸி ஜார் ஒன்று ஆர்டர் போட்டிருந்தேன். போன் வந்தது. "கொரியர்ல இருந்து பேசறோம் சார். அட்ரஸ் சரியில்ல, பார்சல் திரும்பிடும். ரெண்டு ரூபா மட்டும் கார்டுல கட்டிடுங்க."

இருபதாயிரம் கேட்டிருந்தால் உஷாராகியிருப்பேன். ரெண்டு ரூபாய்க்கு யார் வழக்காடுவது? கார்டிலிருந்த பதினாறு எண்களையும் உரக்க வாசித்தேன். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்றான், மறுபடியும் வாசித்தேன். பின்பக்கத்து மூன்று எண்களுக்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். ரகசியம் அல்லவா!

ஓடிபி வந்தது. கண்ணாடியோ வீட்டில். டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணனிடம் போனை நீட்டினேன். அவர் எண்ணை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் படித்தார்.

"ரெண்டு ரூபான்னு சொன்னியே தம்பி, இதுல பதினெட்டாயிரத்து ஐந்நூறுன்னு போட்டிருக்கு?"

"சீக்கிரம் சார், டைம் போயிடும்" என்று போனில் அவன் துடித்தான். என் மேல் இவ்வளவு அக்கறை என் மாமனாருக்குக்கூட இருந்ததில்லை. போனை வைத்துவிட்டு, வங்கிக்குப் பேசி கார்டை முடக்கினேன்.

வீட்டில் ஒரே கேள்விதான். "பார்சல் வந்ததும் கையில காசு குடுக்கறதாத்தானேங்க போட்டீங்க? அப்புறம் கார்டு எதுக்கு?"

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்து கிடக்கும். மேலே போக ஒரு பாலம்தான். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். கார்டுக்கும் அப்படியொரு பாலத்தை 2020இல் ரிசர்வ் வங்கி போட வைத்தது. புதுக் கார்டில் ஆன்லைன் வசதி மூடியே வரும். வேண்டும்போது வங்கிச் செயலியில் நாமே திறந்து, மூடிக்கொள்ளலாம். நான் திறந்ததோடு சரி.

ஓடிபியை நாமே சொல்லிப் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போனதெல்லாம் நம் கணக்கு என்றது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் வருஷத்து விதி. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள். டீக்கடை அண்ணன் எல்லா ஊரிலும் இருக்க மாட்டார்.

ஜார் மறுநாளே வந்தது, சரியான அட்ரஸுக்கு. மூடிதான் வேறு ஜாருடையது.