உப்புநீர்த் தொட்டிக்குக் கல் தேர்தல்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

கல் எனப்படுவது யாது? வீடு கட்டுவோருக்கும் அம்மி கொத்துவோருக்கும் இவ்வினா எழுவதில்லை. 75 லிட்டர் கண்ணாடித் தொட்டிக்குள் கடலை அடைக்கத் துணிந்தவருக்கே எழுகிறது. ஒப்படர்த்தி 1.025, பி.எச். 8.2 என்று நீரைத் துளித்துளியாய்ச் சரிபார்த்தவர், உள்ளே எந்தக் கல் என்றதும் வாயடைத்துப் போகிறார். அன்னார் இடர் களைதலே இவ்வாய்வின் பயன்.

முதற்கண் புளிப்புச் சோதனை. கல்மேல் வினிகர் விட, நுரைத்தால் கால்சியம் கார்பனேட். நுரைக்காவிடில் கருங்கல், வெங்கச்சங்கல் முதலியன. நிலவியலார் இதற்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொள்வர். குடும்பஸ்தர் அடுக்களையில் அகப்பட்டதைக் கொள்வர். நுரை கண்டதும் நன்னீர் மரபினர் ‘தண்ணீரைக் கடினமாக்கும்’ என ஓடுவர்; உப்புநீர் மரபினர் அக்கல்லையே விலைபேசுவர். இருசாராரும் சரியே. கடல்நீரில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே மிகைநிறைவில் இருத்தலின், சுண்ணாம்புக்கல் அதில் லேசில் கரையாது.

அற்றேல், நுரைத்த கல்லெல்லாம் நற்கல்லோ எனின், அன்று. துருக்கறை, உலோக மினுக்கம், பச்சை நீலக் கோடு, இவற்றுள் ஒன்று தென்படினும் தள்ளுக. மீன் தாங்கும் அளவுச் செம்பை இறாலும் பவளமும் தாங்கா. வயலோரக் கல்லில் உரம் ஊறியிருந்தால் பாஸ்பேட் கசியும், பாசிக்கு விருந்து. சிமெண்டில் வார்த்த கல் வாரக்கணக்கில் ஊறாமல் உள்ளே போனால் பி.எச். எகிறும்.

இனிச் சிக்கலான பகுதி: ‘லைவ் ராக்’. பவளக்கூட்டின் துளைதோறும் பாக்டீரியா குடியிருக்கும். வெளித்திண்ணையார் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்ற, ஆக்சிஜன் எட்டாத உள்ளறையார் அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுவர். மோட்டாரும் மின்கட்டணமும் இல்லாத ஃபில்டர். எனினும் இது கல்லா, விலங்கா? கடைக்காரர் கல் என்று எடைபோடுகிறார். நிலவியலார் சுண்ணாம்பு என்கிறார். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமோ கடினப் பவளங்கள் அனைத்தையும் 2001 முதல் முதலாம் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது. காரணம் இல்லாமலில்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டிக் குவித்தார்கள். அங்கிருந்த தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில். ஆகவே கரையொதுங்கிய துண்டையும் பையில் போடற்க. ‘செத்ததுதானே சார்’ என்னும் வாதம் புலித்தோல் வழக்கில் எவ்வளவு எடுபடுமோ அவ்வளவே இங்கும்.

நண்பர் தொட்டியிலிருந்து பழங்கல் பெறுவோருக்கு ஓர் எச்சரிக்கை, இதில் விளையாட்டு இல்லை: சுத்தம் செய்வதாக எண்ணிக் கொதிக்க வைக்காதீர்கள். அதில் சிலவகை ஜோவாந்திட் உயிரிகள் ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் என்னும் கொடுநஞ்சு ஆவியோடு பரவும். வீட்டார் மூச்சுத்திணறி மருத்துவமனை சென்ற நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

பின் எக்கல்தான் கொள்வது? கடல் தானே கைவிட்டுப் போன ஊரின் கல் என்பது எம் துணிபு. அரியலூர் வட்டாரம் கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடி. அங்கே அம்மோனைட் படிமங்கள் கிடைப்பதற்கும் சிமெண்டு ஆலைகள் நிற்பதற்கும் காரணம் ஒன்றே. கடல் போய் ஆறு கோடி ஆண்டுக்கு மேலாயிற்று. உரிமை கோரி எந்த இறாலும் வரப்போவதில்லை. நுண்துளை குறைவு என்பது இதன் குறை. படிமம் பதிந்த கல்லைத் தொட்டியில் போடுவோர் நிலவியலார் சாபத்துக்கு ஆளாவர்.

தேர்ந்த கல்லைத் தேய்த்துக் கழுவி, உப்புநீர் வாளியில், இருட்டில், பம்ப் ஓடவிட்டு ஊறவைக்க. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியாக வாரங்கள் ஆகலாம். பிறகு வெறுங்கண்ணாடிமேல் கல், அதன்பின்னரே மணல். மணல்மேல் கல் வைத்தால், அடியில் குழிபறிக்கும் இறால் ஒருநாள் கூரை சரிந்து மாளும். அத்தனை வாரங்களும் வீட்டார் எந்த வாளியில் குளிப்பது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.