சனி பகவானுக்கு ஒரு வக்காலத்து

வாடா பேராண்டி, நிக்காதே, திண்ணையில உக்காரு. ஆடு போச்சேன்னு ஊரே உன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்துட்டுப் போச்சு, நான்தான் வரல. மூட்டுவலி ஒரு காரணம். இன்னொண்ணு, வந்தவங்ககிட்ட நீ சொன்ன கதையெல்லாம் நான் நடக்காமலே என் திண்ணைக்கு வந்து சேர்ந்துடுச்சு. மேலத்தெரு வாத்தியார்கிட்ட, டாக்டர் தாமதமா வந்தார்னு சொல்லியிருக்கே. டீக்கடையில, தரகன் நோய் ஆட்டைத் தலையில கட்டிட்டான்னு. உன் மாமியார்கிட்ட, கண்ணேறுன்னு. கோயில் குருக்கள்கிட்ட, ஏழரைச் சனின்னு. ஒரு சாவுக்கு இத்தனை கொலைகாரன் இருந்தா எந்தப் போலீஸ்காரன்டா கேஸ் எழுதுவான்?

எனக்கு அந்தச் சனி பகவானை நெனச்சாத்தான் பாவமா இருக்கு. எவன் கடன்ல விழுந்தாலும் அவர் தலையில, எவன் பரீட்சையில கோட்டை விட்டாலும் அவர் தலையில. மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டார். சனிக்கிழமை ஒரு எள்ளு தீபம் போட்டா கணக்கு முடிஞ்சுது. இதைவிட மலிவான ஏற்பாடு எந்த நாட்டுல இருக்கு? அதனால இன்னிக்கு அவருக்காக நான் வக்காலத்து வாங்கிக்கிறேன். நீ கூண்டில ஏறு.

பரண் போட்டே. நல்ல பரண், அதுல குறை சொல்ல மாட்டேன். புழுக்கை கீழ விழுந்துடும், ஈரம் தங்காது. சூப்பர் நேப்பியர் நட்டே, வேலிமசால் விதைச்சே, தலைச்சேரி ஆடு எறக்கினே. எல்லாம் யூடியூப்ல பாத்தபடி. அப்புறம் ஐப்பசி மழையில, சந்தையில விலை குறைச்சலாக் கெடைக்குதுன்னு இன்னும் கொஞ்சம் ஆட்டை வாங்கிட்டு வந்து, அன்னிக்கு ராத்திரியே பழைய ஆட்டோட ஒரே பரண்ல ஏத்தினே. புது ஆட்டை மூணு வாரமாவது தனியாக் கட்டி வெச்சுப் பாக்கணும்னு இந்த ஊர்ல ஆடு மேய்க்கிற சின்னப் புள்ளைக்கும் தெரியும். சேத்து ஏத்தினது சனியா, நீயா?

அடுத்த கேள்வி. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடறோம்னு கால்நடை மருந்தகத்து ஆளுங்க ஊருக்குள்ள வந்து முகாம் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? குட்டிக்கு மூணு மாசம் தாண்டினா ஒரு ஊசி, மூணு வருஷத்துக்குக் காவல். காசுகூடக் கெடையாது. நீ என்ன சொன்னே? "என் ஆடு வெளியில மேயப் போறதில்ல, அதுக்கு எதுக்கு ஊசி"ன்னே. அந்த நேரம் சனி பகவான் வந்து ஊசியைத் தட்டிவிட்டாரா? அப்புறம் கண்ணுல பீளை, மூக்குல சளி, வாயில புண்ணு, தண்ணியாக் கழிச்சல்னு நாலும் சேந்து வந்துச்சு. நீ டாக்டருக்குப் போன் போடாம மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் புகட்டி, அதை வீடியோ புடிச்சுப் போட்டே. அந்த நோய் வைரஸ் நோய்டா. வந்தப்புறம் அதுக்குன்னு மருந்தே கெடையாது, கூட வர்ற மத்த கிருமிக்குத்தான் மருந்து. டாக்டர் பறந்து வந்திருந்தாலும் பாதியைக் காப்பாத்தியிருப்பாரான்னு சந்தேகம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். ஆடு வளக்கத் தெரியாதவனுக்கு டாக்டர் கோணல்.

மூஞ்சியைத் தூக்காதே. தரகன் யோக்கியன்னு நான் சொல்லல. தெரிஞ்சேதான் வித்திருப்பான். அவன் பங்கு அவனுக்கு. தப்புக்கும் பாகப்பிரிவினை உண்டுடா. ஆனா சொத்துன்னா வரப்பு தாண்டி ஒரு முழம் கூடக் கேக்கிற பயலுக, தப்புன்னு வந்தா மட்டும் அத்தனையையும் பங்காளி பேருக்கு எழுதி வெச்சுட்டு வெறுங்கையோட நிக்கிறானுங்க. என்ன பெருந்தன்மை! அதுல ஒரு சங்கடம் இருக்கு. எழுதிக் கொடுத்த நெலத்துல நீ ஏர் பூட்ட முடியாது. தப்பு மொத்தமும் தரகனுதுன்னா, தரகன் திருந்தற வரைக்கும் உன் பண்ணை திருந்தாது. அவன் எப்போ திருந்துவான்? நான் பொறந்ததுலேர்ந்து பாக்கிறேன், ஒரு தரகனும் திருந்தல.

உன் போன்ல கலாம் படம் வெச்சிருக்கியே, அந்தக் கதையும் உனக்குப் பாதிதான் தெரியும். 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவுல எஸ்.எல்.வி-3 ராக்கெட் விட்டாங்க. அது வங்காள விரிகுடாவுல விழுந்துச்சு. பத்திரிகைக்காரங்க முன்னால இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் வந்து ஒக்காந்து பதில் சொன்னார். மறுவருஷம் 1980 ஜூலை 18ஆம் தேதி ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைக் கொண்டுபோய் நிறுத்தினப்போ, நீ போய்ப் பேசுன்னு திட்டத்தை நடத்தின கலாமை முன்னால தள்ளினார். இது எல்லாப் பயலுக்கும் தெரியும். ஏன் தெரியும்னா, இதைச் சொல்றவனெல்லாம் தனக்கு அப்படி ஒரு மேனேஜர் அமையலையேன்னு பெருமூச்சு விடறதுக்குத்தான் சொல்றான்.

மீதிப் பாதியை கலாமே 'அக்னிச் சிறகுகள்'ல எழுதியிருக்கார், எவனும் சொல்றதில்ல. ராக்கெட் கெளம்பறதுக்கு முந்தின கடைசி நிமிஷங்கள்ல, ரெண்டாவது கட்டத்தோட கட்டுப்பாட்டு அமைப்புல அமிலம் கசியுதுன்னு தெரிஞ்சுது. இருக்கறது போதும், பெரிய விஷயமில்லன்னு விட்டுட்டாங்க. விழுந்தப்புறம் ஒரு குழு போட்டு ஆராய்ஞ்சாங்க. ஒரு வால்வு மூடாம நின்னுபோனதுன்னு கண்டுபிடிச்சு, தவான் முன்னால வரிசையா எடுத்து வெச்சாங்க. எல்லாருக்கும் திருப்தி. வால்வு மேல போட்டாச்சு, வால்வு பதில் பேசாது, நம்ம சனி பகவான் மாதிரி. அதோட சபை கலைஞ்சிருக்கலாம். அப்போ கலாம் எழுந்து, கசிவைச் சாதாரணமா எடை போட்டது நான்தான், திட்டத்தை நடத்தினவன்ங்கிற முறையில நிறுத்தியிருக்கணும், தோல்விக்கு நான் பொறுப்புன்னு சொல்லிட்டார். யாரும் கேக்கல. யாரும் அவரைக் குத்தம் சொல்லல. கேக்காம எழுந்து நின்னார் பாரு, அந்த எடத்துலதான் எனக்கு அந்த மனுஷனைப் புடிக்கும். நீ போன்ல படம் வெச்சுக்க, வேணாம்னு சொல்லல. ஒரு நாள் எழுந்தும் நில்லு.

நம்ம அரியலூர் சங்கதி உனக்குத் தெரியாது. 1956 நவம்பர்ல, விடியக்கால நேரம், மருதையாத்து வெள்ளத்துல பாலம் போய் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆத்துல எறங்கிடுச்சு. 150 பேர் அளவுக்குச் செத்தாங்க. அப்போ ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. மழைக்கு அவரா உத்தரவு போட்டார்? பாலத்தை அவரா கட்டினார்? ராஜினாமா குடுத்தார். அதே வருஷம் மெகபூப்நகர் விபத்துக்கும் குடுத்தாரு, நேரு வாங்கிக்கல. இந்தத் தடவை வாங்கிக்கிட்டார். சாஸ்திரி மேல தப்புங்கிறதால இல்ல, பதவிக்கு ஒரு முறைன்னு இருக்கணும்கிறதாலதான் ஏத்துக்கிறேன்னு சபையில சொன்னார். இப்போ உள்ளதுகளைப் பத்திக் கேக்காதே, எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு.

இதைக் கேட்டுட்டு நீயும் ராஜினாமா, பண்ணையை மூடறேன்னு பெங்களூருக்கு பஸ் ஏறிடாதே. அவர் விட்டது நாற்காலியை. நீ விட்டுட்டுப் போகப் போறது கடனை. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

நேத்து ராத்திரி ஏதோ ஸ்டேட்டஸ் போட்டியாமே. "எல்லாம் என் தப்பு, நான் எதுக்கும் லாயக்கில்லை"ன்னு, ஒடஞ்ச இதயம் ஒண்ணையும் ஒட்ட வெச்சு. சின்னவ எனக்குப் படிச்சுக் காட்டினா. அழுகை பொம்மையா வந்து குவிஞ்சுதாம். கெட்டிக்காரன்டா நீ! போன வாரம் வரைக்கும் ஒரு பங்கும் எனக்கு வேணாம்னே. இந்த வாரம் மொத்தமும் எனக்கேங்கறே. ரெண்டுலயும் ஒக்காந்து கணக்குப் பாக்கிற வேலை மிச்சம். நெஞ்சுல அடிச்சுக்கிட்டா ஊரே ஆறுதல் சொல்லும். ஊசி போட்டியாடான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். நான் கேக்கிறேன். மிச்சம் பொழைச்சு நிக்கிற ஆட்டைப் பத்தி டாக்டர்கிட்ட கேட்டியா? கொட்டாய்ல சுண்ணாம்பு அடிச்சியா? மழைக்கு முன்னால துள்ளுமாரி ஊசி ஒண்ணு வருஷா வருஷம் போடணும், அது எந்த மாசம்னு எழுதி வெச்சியா? எல்லாம் என் தப்புன்னு எழுதத் தெரிஞ்ச கைக்கு இதை எழுதத் தெரியலையா?

இதெல்லாம் ஆட்டுக் கணக்கு. சீக்கிரம் முடிஞ்சுடும். மனுஷக் கணக்கு ரெண்டு இருக்கு, அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டு விட்டேன்.

கீழத்தெரு கெழவி வெள்ளாடு ரெண்டு வெச்சிருந்துச்சே, அதுங்களும் செத்துப்போச்சு. உன் ஆடு தண்ணி குடிச்ச தொட்டியிலதான் அதுங்களும் குடிச்சுது. கெழவி உன்னை ஒண்ணும் சொல்லல, விதின்னு சொல்லிட்டு ஒக்காந்திருக்கு. அது விதின்னு சொல்லலாம், அதுக்கு உரிமை இருக்கு. நீ சொல்லக்கூடாது. நீ போய், ஆத்தா, என் பரண்லேர்ந்து வந்த நோய்தான், நான் ஊசி போடலன்னு சொல்லு. மழை, தரகன், டாக்டர் ஒருத்தரையும் துணைக்குக் கூட்டிட்டுப் போகாதே. திட்டும். அது வாயி ஊருக்கே தெரிஞ்ச வாயி, ஒங்க பாட்டியே அதுகிட்ட தோத்திருக்கா. நின்னு வாங்கிக்கோ. பண்ணை சுத்தமானப்புறம், ஊசி போட்ட பொட்டைக்குட்டி ரெண்டைக் கொண்டுபோய்க் கட்டு. வேணாம்னு சொல்லும். கட்டிட்டு வந்துடு.

ரெண்டாவது, உன் வீட்டுல. தங்கச்சி கல்யாணத்துக்குள்ள மீட்டுத் தர்றேன்னு சொல்லி உன் பொண்டாட்டியோட ஆரத்தைக் கூட்டுறவுச் சங்கத்துல வெச்சே. வட்டி கட்டிட்டு வர்றேன்னு வேற சொல்லி வெச்சிருக்கே. கட்டலைங்கறது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேக்காதே, சங்கத்துத் திண்ணையும் திண்ணைதானே. ஏலம்னு நோட்டீஸ் வர்றதுக்கு முன்னால உன் வாயால சொல்லிடு. சாப்பாடு போடறதுக்கு முன்னாலயே சொல்லிடு, சாப்ட்டுட்டுச் சொன்னா அது ஒரு தனி வழக்காயிடும்.

எழுந்திரு, பொழுது சாயுது. போற வழியில மல்லிப்பூ கில்லிப்பூ வாங்கிட்டுப் போகாதே. பூவைப் பாத்தா, இன்னும் என்னத்தை அடகு வெச்சிருக்கான்னு அது பீரோவைத் தொறக்க ஆரம்பிச்சுடும்.