ரிங் கட் எடுக்காத ராசா

வா மருமகனே, உக்காரு. அந்தக் கதிரைக்கு ஒரு கால் சரியில்ல. அரசியல்ல எறங்கியிருக்கிறவன் நீ, ஆடுற கதிரையில இப்பவே பழகிக்க.

என்ன சொன்ன? உங்க தலைவர் ஐயா இனிமே தோட்டம் தோட்டமா ஏற மாட்டாரு, டெலிபோன்லயே கூட்டம் போடப் போறாரா? அடி சக்கை! மாலிபொட பக்கம் மழை பிடிச்சுட்டா இந்த ரோட்டுல வெள்ளை உடுப்போட ஏறினவன் காவி உடுப்போடதான் எறங்குவான். போன்ல சேறு தெறிக்காது. அட்டையும் கடிக்காது. போன தடவை வந்தப்ப ஐயா காலை அட்டை பிடிச்சுக்கிச்சே, பாவம். ஒரே தொழில்காரர்னு அதுக்குத் தெரியல.

ஆனா இது ஒண்ணும் உங்க கண்டுபிடிப்பு இல்ல. அமெரிக்காக்காரன் ரொம்ப நாளா பண்றதுதான், பேரன் போன்ல காட்டினான். சோறு திங்கிற நேரமாப் பாத்து மெஷின் ஒரே மூச்சுல ஆயிரக்கணக்கான வீட்டுக்கு மணி அடிக்குமாம். எடுத்தவன் கூட்டத்துக்குள்ள மாட்டினான். எம்பி பேசுவாரு, இவன் கேட்டுக்கிட்டே இருக்கணும். கேள்வி இருந்தா நட்சத்திரத்தையும் 3ஐயும் அமுக்கணுமாம். உடனே எம்பி வந்துருவாருன்னு நெனைச்சியா? அவரோட ஆள்தான் வருவான். பேரென்ன, ஊரென்ன, என்ன கேக்கப் போறேன்னு விசாரிச்சு, கணக்கப்பிள்ளை கொழுந்து பாக்குற மாதிரி பாப்பான். இளசா இருந்தா உள்ள விடுவான். முத்தல்னா கழிச்சுப்புடுவான். மத்த ஆயிரம் வாயும் பூட்டுத்தான்.

2017ல அங்க ஒபாமா கொண்டாந்த வைத்தியக் காப்புறுதிச் சட்டத்தைத் தூக்கப் போறோம்னு ரிபப்ளிக்கன் கட்சிக்காரங்க நின்னாங்க. மண்டபத்துல கூட்டம் போட்ட எடத்துல எல்லாம் சனம் எந்திரிச்சு நின்னு கத்துச்சு. கட்சிக்காரங்க பல பேரு மண்டபத்தை விட்டுட்டு டெலிபோனுக்குள்ள புகுந்துக்கிட்டாங்க. ஊர்க்காரங்க விடுவாங்களா? காலிக் கதிரையைப் போட்டு, அதுகிட்டயே கேள்வி கேட்டுக் கூட்டம் நடத்தினாங்க. 2025 மார்ச்சுலயும் அந்தக் கட்சிக்குத் தேர்தல் வேலை பாக்குற ரிச்சர்ட் ஹட்சன், நேர்ல போகாதீங்க, போன்ல பேசுங்கன்னு தன் ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு. பாத்தியா, உங்க ஐயாவுக்கு எவ்வளவு தூரத்துல சொந்தக்காரங்க இருக்காங்க!

அதனால நானும் என் பங்குக்கு ரெண்டு புத்தி சொல்றேன். சிங்களத்துக்கு 1, தமிழுக்கு 2ன்னு வை. 2ஐ அமுக்கினா பாட்டைப் போடு. பாட்டு முடியறதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிரணும். ரோட்டைப் பத்திக் கேக்கிறவன் லைன் தானா அறுந்து போகட்டும். மலைநாட்டுல சிக்னல் மேல பழி போட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

இன்னொண்ணு, ஐயாவைப் பேச விடாத. 2004ல இந்தியாவுல வாஜ்பாயி குரலைப் பதிஞ்சு வீடு வீடா மணி அடிச்சாங்க. பிரதமரே பேசறாருன்னு பதறி வணக்கம் சொன்னவனுக்கு அந்தக் குரல் பதில் வணக்கம் சொல்லுமா? அது பாட்டுக்குப் போச்சு. மே மாசம் வோட்டை எண்ணினப்ப ஆட்சியும் போச்சு. இங்க 2010 ஜனவரி புதுவருசத்துக்கு மகிந்த ராஜபக்ச பேர்ல போனுக்குப் போன் வாழ்த்து மெசேஜ் வந்துச்சு. அந்த மாசமே தேர்தல், அவரு ஜெயிச்சாரு. மெசேஜுல மூச்சு கேக்காது மருமகனே. குரல்னா மூச்சு வாங்குற எடத்துலயே நாங்க பொய்யைப் பிடிச்சிருவோம்.

எங்களைக் கூப்புடுறது என்ன புதுசா? விடியக்காலை இருட்டுல தப்படிச்சுப் பெரட்டுக்குக் கூப்பிட்டாங்க. அதுவும் ஒருவழிப் போன்தான். 1948ல சட்டம் போட்டு எங்கப்பனை நாடில்லாதவனாக்கினாங்க. 1964ல சிறிமாவோ அம்மாவும் சாஸ்திரியும் உக்காந்து 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரு இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேரு இங்கன்னு பிரிச்சாங்க. மிச்சத்தை அப்புறம் பாக்கலாம்னு வெச்சுட்டாங்க. எங்கப்பன் எந்தக் குவியல்னு அவருக்கே தெரியாது. ஒருத்தன் கேட்டிருப்பானா?

எனக்கு வோட்டு வந்தது 88 பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு அப்புறம், வயசு 37. சந்தோசமாத்தான் போய் நின்னேன். 77 தேர்தல் வரைக்கும் தெரணியகலைக்குன்னு தனியா ஒரு எம்பி இருந்தாரு. 89ல முறை மாறி, கேகாலை மாவட்டம் பூராவும் ஒரே தட்டாயிருச்சு. என் கைக்கு வோட்டு வந்த நேரம் என் ஊரு எம்பி காணாமப் போயிட்டாரு. இப்ப மாவட்டத்துக்கு ஒன்பது பேரு. ஒன்பது தாய்மாமன் இருக்கிற பொண்ணுக்கு சீர் வந்து சேர்ந்த கதைதான்.

சிரிக்காத. இதைக் கொஞ்சம் கேளு.

2016 ஜனவரியில மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதிக்குச் சொல்லுங்கன்னு ஒரு திட்டம் தொடங்கி, 1919ஐ அமுக்கச் சொன்னாரு. நல்லதுதான். அதே வருசம் மே மாசம் 17ஆம் தேதி அரநாயக்கவுல சாமசர மலை எறங்குச்சு. புளத்கொஹுபிட்டியவுல களுப்பஹன தோட்டத்துல லயத்து மேலயே மண்ணு விழுந்துச்சு. கொழுந்தெடுத்த கையும் பால் வெட்டின கையும் உள்ள போச்சு. மலை எந்த நம்பருக்கும் அடிச்சுட்டு எறங்கறதில்ல. இப்ப அனர்த்தத்துக்கு 117ன்னு ஒரு நம்பர் இருக்கு. அதை நாம அடிக்கணும். ராத்திரி தூங்குறவன் எப்படிடா அடிப்பான்?

உங்க மெஷின் ஒரே மூச்சுல ஆயிரம் வீட்டுக்கு மணி அடிக்குமில்ல? மலை நனைஞ்ச ராத்திரி எங்க லயத்துக்கு ஒரு தடவை அடிக்கச் சொல்லு. அன்னைக்கு ஐயா குரலே இருக்கட்டும், பதிஞ்ச குரலே போதும். எந்திரிச்சு வெளிய போங்கன்னு சொன்னாப் போதும். ஒருத்தனும் கட் பண்ண மாட்டான். பொய்யா மெய்யான்னு மூச்சையும் பாக்க மாட்டான்.

என்ன, ஐயாகிட்ட கேட்டுச் சொல்றியா? இப்பவே கேளேன். கைல காசு இல்லாதவன் ரிங் கட் குடுப்பான், சொந்தக்காரன் திருப்பி எடுப்பான். லயத்துல அதுதானே வழக்கம். நீயும் ஐயாவுக்கு ஒரு ரிங் கட் குடு, பாப்போம்.

ம்... யாரு பேசுறது? நீங்கள் அழைத்த இலக்கம்னு அந்தப் பொம்பளையா? அவ நல்லவதான், மூணு பாஷையிலயும் சொல்லுவா.

சரி விடு, தேத்தண்ணி ஆறுது, குடி. போறப்ப கடையில என் நம்பருக்கு 100 ரூபாய்க்கு ஒரு ரீலோட் போட்டுட்டுப் போ. ரொம்ப நாள் போடாட்டி சிம்மை மூடிருவாங்களாம். ஐயா கூட்டம் போடுறப்ப நான் லைன்ல இல்லாட்டி நல்லாவா இருக்கும்?