ஓரிராத் தங்கல் இலக்கணம்

எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் இலக்கணம் செய்த முன்னோர் வேன் பேசுவதற்கு ஒரு நூற்பாவும் செய்துவைக்கவில்லை. அக்குறை தீர, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்தார் உடவளவைத் தேசிய பூங்காவில் ஓரிரவு தங்கத் திட்டமிடும் முறைமை ஈண்டு ஆராயப்படுகிறது.

முதற்கண் நிலம். சபரகமுவவும் ஊவாவும் தொடும் எல்லையில், வளவை கங்கையை மறித்த நீர்த்தேக்கத்தைச் சூழ 30,821 ஹெக்டேர், 1972இல் பூங்காவானது. பெல்மதுளை, கஹவத்தை, கொடக்கவெல, எம்பிலிப்பிட்டி என்று இறங்கிப் போனால் எட்டிவிடும். சிங்கராஜ வனத்தையும் இவ்வியலில் சேர்க்க வேண்டும் என்பாரும் உளர். அது 1988இல் உலக மரபுரிமையான காடு. வனத் திணைக்களத்துக்கு உரியது. தேசிய பூங்கா அன்று. அன்றியும், அட்டைக்கடி வாங்கக் காசு கொடுத்துப் போக வேண்டும் என்பது கொழுந்தெடுப்பவருக்கு என்ன தலையெழுத்து?

தங்கல் மூவகைப்படும். சிவனொளிபாத மலைக்குப் பலாபத்தலை வழியாக ஏறுவது முதல்வகை. இரவு உண்டு, உறக்கம் இல்லை. கதிர்காமத்து மடத்தில் படுப்பது இரண்டாவது. உறக்கம் உண்டு, தலையணை இல்லை. மூன்றாவது பூங்காத் தங்கல். இதைக் கண்டவர் சிலர், விண்டவர் பலர்.

இனித் தொகை. இலக்கணத்தார் தொகை ஆறு என்றனர். சீட்டுக் கொப்பியோடு லயம் லயமாக ஏறி இறங்கியவர்க்கு அவற்றுள் ஐந்து நேரில் தரிசனமாகும். 'நானும் பொஞ்சாதியும் ரெண்டு புள்ளைகளும்' என்று நால்வரைச் சேர்த்து ஓர் ஆளுக்கான காசை நீட்டுவது உம்மைத்தொகை. 'போன தடவை மாதிரியே போடுங்க' என்பது உவமைத்தொகை. 'நல்ல மனுசன், தருவாரு' என்று குறித்துக்கொள்வது பண்புத்தொகை. இவற்றால் பெருங்கேடில்லை. திட்டத்தைக் கவிழ்ப்பது வினைத்தொகை. கொடுத்த பணம், கொடுக்கின்ற பணம், கொடுக்கும் பணம் என்று முக்காலத்துக்கும் பொருந்தி, எக்காலத்தும் கைக்கு வராதது இது. 'அண்ணே, பத்தாந் திகதி சம்பளம் போட்டதும்' என்பார். எந்த மாதத்துப் பத்தாந் திகதி என்பது தொக்கி நிற்கும்.

அதனினும் கொடியது அன்மொழித்தொகை. திட்டமிடும் கூட்டத்தில் எவரும் மொழியாத தொகை என்க. வேன் வாடகை மொழிந்தாயிற்று. அரிசி, டின்மீன், மாசி எல்லாம் மொழிந்தாயிற்று. பூங்கா வாசலில் வேன் நின்றபின்தான் ஜீப் வாடகை என்பது வெளிப்படும், அதன்பின் நுழைவுச்சீட்டு, அதற்கு வரி. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி சொன்னது. எத்தனை நாள் பேர் விழுந்தால் ஒரு ஜீப் என்ற கணக்கை வாசலில் நின்று போடலாகாது. பெண்கள் எதிரில் போடவே கூடாது.

திட்டம் மூவகை விகாரம் அடையும். பட்டியலில் இல்லாத கதிர்காமம் திடீரென முளைப்பது தோன்றல். 'அவ்வளவு தூரம் போறோம், முருகனைப் பாக்காம வரலாமா?' என்று ஒருவர் கேட்டால் போதும், மறுக்க ஆளில்லை. பூங்கா வாசல் மாலை ஆறுக்கு அடைபட, வேன் ஏழுக்குப் போய் நிற்க, காட்டுத் தங்கல் எம்பிலிப்பிட்டி மாமா வீட்டுத் திண்ணையாவது திரிதல். கெடுதலுக்கு உதாரணம் வேண்டா.

திரிந்த பயணத்தையும் இழிவாக எண்ணற்க. தணமல்வில வீதியில் மின்வேலியை ஒட்டி நிற்கும் யானைக்குச் சீட்டு இல்லை. உடவளவையிலேயே, தாயை இழந்த யானைக் குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடும் நிலையம் 1995 முதல் நடக்கிறது. மூன்று மணிக்கொரு தடவை பால் ஊட்டுகிறார்கள். எங்கள் தொங்கல் லயத்துப் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, 'நம்ம புள்ளைக்காம்பராதான். ஆயா மட்டும் ஆம்பளை' என்றார். இதைவிட நல்ல வகைப்பாட்டை இந்நூலாசிரியன் செய்ததில்லை.

கடைசியாக ஒரு சொல்லாராய்ச்சி. பூங்காவுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் விடுதிகள் உள்ளன. முன்பதிவு வேண்டும், அரிசி சாமான் நாம் கொண்டுபோக வேண்டும், ஆக்கித் தர அங்கே ஆள் உண்டு. இவற்றுக்குப் பெயர் பங்களா. தோட்டத்து அகராதியிலோ அச்சொல்லுக்குப் பெரிய தொரை வீடு என்ற ஒரே பொருள்தான். குசினிப் பக்கத்தால் போய்க் குசினிப் பக்கத்தாலேயே திரும்பும் இடம். கூட்டத்தில் பங்களா என்று வாசித்ததும் பாட்டி கேட்டார்: 'அங்க யாருக்குப்பா சமைக்கணும்?' நமக்குச் சமைத்துத் தருவார்கள், நாம் கட்டிலில் படுப்போம் என்றதும் கூட்டம் சிரித்தது. பாட்டி சிரிக்கவில்லை. 'தொரை வந்துட்டா?' என்றார்.

இவ்விடத்தில் நூலாசிரியன் கட்சி உறுதி. யானை தென்படாவிட்டாலும் குற்றமில்லை. கதிர்காமம் அடுத்த வருசம். பாட்டி அந்தப் பங்களாவுக்குள் முன்வாசலால் ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து, பிறர் ஊற்றிக் கொடுக்கும் பிளேன்டியைக் குடிக்க வேண்டும். பெயர் கொடுப்போர் வருகிற பத்தாந் திகதி காசோடு வரவும். வினைத்தொகை ஏற்கப்படாது.