அரிசி எப்போது அரிசி அல்ல? கிருத்திகை இரவுப் பலகாரம் குறித்த ஓர் ஆய்வு

நிலவு விண்மீன்களிடையே ஒரு சுற்றை ஏறத்தாழ 27.3 நாளில் முடித்துவிடுவதால், முருகனுக்குரிய கிருத்திகை நட்சத்திரம் மாதம் ஒருமுறை தவறாமல் வருவதோடு, சில மாதங்களில் இருமுறையும் வந்து விரதம் இருப்போரின் பக்தியைச் சோதிக்கிறது. கார்த்திகைப் பெண்டிர் அறுவர் குழந்தை முருகனை வளர்த்த கதையும், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் காவடிகளும் வேண்டிய அளவு விளக்கப்பட்டுள்ளமையால், அடுக்களைக்கு வெளியே இதுவரை ஆராயப்படாத ஒரு சிக்கலை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பகலில் ஒருவேளை மட்டும் சோறுண்டு, இரவில் சோற்றைத் தீண்டாத விரதக்காரர், அதே அரிசியில் ஆன இட்லியைக் கூசாமல் உண்பது எந்த நெறியின்பாற்பட்டது என்பதே அச்சிக்கல்.

இங்கு ‘ஒருபொழுது’ என்பது நாளில் ஒருமுறை மட்டும் சோறுண்ணும் நோன்பையும், ‘பலகாரம்’ என்பது அந்நோன்பை முறிக்காததாகக் கருதப்படும் இரவுச் சிற்றுண்டியையும் குறிக்கும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற பரவலான அளவைக் கொண்டால், இட்லிக்கு இடும் தானியத்தில் ஐந்தில் நான்கு பங்கு அரிசியே என்பதால், உளுந்தின் தயவால் விலக்குப் பெற்றதாக வாதிடுவது எளிதன்று. ஏகாதசியில் அரிசி எவ்வுருவிலும் ஆகாது என்று கோதுமை ரவையை நாடுவோர் பலர் இருக்க, கிருத்திகையில் மட்டும் இத்தாராளம் நிலவுவதை விளக்க மூன்று கொள்கைகளை முன்வைக்கலாம்.

முதலாவது உருமாற்றக் கொள்கை. ஊறி, அரைபட்டு, வெந்த அரிசி தன் பூர்வாசிரமத்தைத் துறந்துவிடுகிறது என்று கூறும் இக்கொள்கை தோசைக்கும் அடைக்கும் சேவைக்கும் பொருந்துமாயினும், தட்டையானதன்றி அரைபடும் துறவை மேற்கொள்ளாத அவல், உப்புமாவாக வந்து இலையில் அமரும்போது இடறுகிறது. இட்லி மிருதுவாக வரவேண்டுமென்று கிரைண்டரில் ஒரு கைப்பிடி பழைய சோற்றைப் போடும் வழக்கம் இதனினும் பெரிய இடர் என்றாலும், மாவு புளிக்க ஓர் இரவு வேண்டும் என்பதால் அக்குற்றம் முந்தைய நாளாகிய பரணியிலேயே நிகழ்ந்து காலாவதியாகிவிடுகிறது என்று இக்கொள்கையினர் சமாதானம் கூறக்கூடும்.

இரண்டாவது எண்ணிக்கைக் கொள்கை. எண்ணக்கூடியது பலகாரம், எண்ண இயலாதது சோறு என்னும் இதன்படி, ‘நாலு இட்லி போதும்’ என்று சொல்ல முடிவதே இட்லியின் விரதத் தகுதியாகும். சொன்ன பிறகு ஏழு உண்ணப்படுவது கொள்கையைப் பாதிக்காது. எனினும் அரிசியை ரவையாக உடைத்து, துவரம்பருப்பும் மிளகும் சேர்த்து, வெண்கலப் பானையில் அடிப்பிடிக்கக் கிளறப்படும் அரிசி உப்புமா, எவ்வகை எண்ணிக்கைக்கும் அடங்காமல் கரண்டி கரண்டியாக விழுந்தும் பலகாரமாகவே மதிக்கப்படுவதால், இக்கொள்கையும் நிலைக்கவில்லை.

மூன்றாவது வரிசைக் கொள்கை. குழம்பு, ரசம், மோர் என்ற வரிசையை ஏற்பதே சோறு என்று இது வரையறுப்பதால், ரசம் ஊற்றிப் பிசையப்படாத வெண்பொங்கல், அரிசி முழுதாய்க் கண்ணுக்குத் தெரிந்தும், சில வீடுகளில் இரவுப் பலகாரமாக நுழைந்துவிடுவது எளிதில் விளங்குகிறது. ஆனால் குழம்பையும் ரசத்தையும் அறவே துறந்து தனியொன்றாய் வந்து நிற்கும் தயிர்சாதத்துக்கு மட்டும் எந்த வீட்டிலும் இந்தச் சலுகை கிடைப்பதில்லை.

மூன்றும் வீழ்ந்த நிலையில் எஞ்சுவது அதிகாரக் கொள்கை ஒன்றே: அடுக்களையை ஆளும் மூத்த பெண் எதைப் பலகாரம் என்கிறாரோ அதுவே பலகாரம். ஒரு வீட்டில் விலக்கப்படும் வெண்பொங்கல் அடுத்த வீட்டில் ஏற்கப்படுவதும், மாத்திரை போட்டுக்கொள்ளும் தாத்தாவுக்கு அதே வீட்டில் விதி தளர்வதும் இக்கொள்கையால் மட்டுமே விளங்கும்.

இவ்வதிகாரத்துக்குரிய விலையையும் ஆய்வு பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் அப்பெண்ணும் விரதம் இருப்பவரே. பரணியன்று அரிசி ஊறவைத்து, படைக்கும் முன் சுவைக்கலாகாது என்பதால் உப்பைக் கைக்கணக்கில் இட்டு, வெங்காயமும் பூண்டும் இல்லாத தேங்காய்ச் சட்னியை அரைத்து, தோசைக்கல்லின் முன் நிற்கும்போது, விரதத்துக்குச் சிறிதும் தொடர்பில்லாத பிள்ளைகள் தங்களுக்கென வடித்த சோற்றையும் ரசத்தையும் ஒதுக்கிவிட்டுத் தோசைக்குத் தட்டேந்துவதால், இருவர் விரதம் அறுவர் சிற்றுண்டியாகிறது. மீந்த சோற்றில் நீரூற்றி வைப்பதும் அவர் பொறுப்பே. மறுநாள் காலை அது அவர் பங்காகவே முடிவதும் வழக்கம்.

ஆகவே, அரிசி எப்போது அரிசி அல்ல என்னும் வினாவுக்கு ஆய்வு தரும் விடை, மாவு அரைத்தவர் அவ்வாறு சொல்லும்போது என்பதேயாகும். இவ்வினாவை எழுப்பி மூன்று கொள்கைகளையும் விரித்துரைப்போர் பெரும்பாலும் அரைக்காதவர்களும் முதல் பந்தியில் உண்டு முடித்தவர்களுமாகவே இருப்பதால், எதிர்கால ஆய்வாளர்கள் கொள்கை வகுக்கும் முன் கிரைண்டரைக் கழுவிக் கொடுப்பது முறையியலுக்கு வலுச்சேர்க்கும்.