இன்னும் கொஞ்சம்தான், அண்ணே

போன ஞாயிற்றுக்கிழமை அட்டை கடித்த இடம் இன்னும் அரிக்கிறது. ஒரு கையால் சொறிந்துகொண்டே எழுதுகிறேன். காரம் கூடியிருந்தால் அதுதான் காரணம். நாயோடு அருவிக்குப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒரு சின்னக் கேள்வி.

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் ஏன் இப்படிப் பொய் சொல்கிறார்கள்?

செமினி அணைப் பக்கம் ஓர் அருவி. பெயர் சொல்ல மாட்டேன், அடுத்த ஞாயிறு நீங்களும் வந்து நிற்பீர்கள். சுங்கை தெக்காலா இல்லை. அங்கே விடுமுறை நாளில் தண்ணீரைவிடத் தலைகள் அதிகம். ஏழரை மணிக்கு நானும் என் நாய் ஜிம்மியும் ஏறத் தொடங்கினோம். அரை மணி நேரத்தில் ஒரு சீன அங்கிள் எதிரே வந்தார். “டென் மினிட்ஸ்!” அப்புறம் ஒரு மலாய்க் குடும்பம். ஜிம்மியை ஓரமாக இழுத்துப் பிடித்து வழிவிட்டேன். “சிக்கிட் லாகி, பாங்.” கடைசியாக நம்மாள் ஒருவர்: “இன்னும் கொஞ்சம்தான், அண்ணே.” மூன்று மொழி, ஒரே பொய். இந்த நாட்டில் இன ஒற்றுமையைத் தேடுகிறவர்கள் காட்டுப் பாதைக்கு வரலாம்.

இந்தக் ‘கொஞ்சம்’ எத்தனை மீட்டர்? 400 மீட்டர் புரோகா குன்றிலும் கொஞ்சம்தான். 1,493 மீட்டர் நுவாங் மலையிலும், அந்த முடியாத மண்சாலையில் நாக்குத் தள்ள நிற்கும்போது, கொஞ்சம்தான். தோட்டத்தில் என் பாட்டி ‘கூப்பிடு தூரம்’ என்றால் அதற்கு ஓர் அளவு இருந்தது. லயத்து வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்க வேண்டும். பாட்டி கூப்பிட்டால் அடுத்த டிவிஷனுக்கே கேட்கும் என்பது வேறு விஷயம். மலைக் கொஞ்சத்துக்கு அந்த நேர்மைகூட இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லும் கொஞ்சம் அரை மணி. கையைக் காற்றில் வளைத்துக் காட்டும் கொஞ்சம், நடுவில் ஓர் ஆறு. சிரித்துக்கொண்டே சொல்லும் கொஞ்சத்தை நம்பவே நம்பாதீர்கள், அந்த ஆளே பாதியில் திரும்பியவன்.

மூன்றாவது கொஞ்சத்தில் ஜிம்மி படுத்துவிட்டான். பிஸ்கட் காட்டினேன். தின்றுவிட்டு மறுபடி படுத்தான். வேறு வழியில்லை, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். எதிரே ஏறி வந்த இரண்டு பையன்கள், “ரொம்ப தூரமாண்ணே?” என்று கேட்டார்கள். “தெரியாது தம்பி, நான் அருவியையே பார்க்கவில்லை” என்று உள்ளதைச் சொன்னேன். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு மேலே போனார்கள். இவ்வளவு நாளும் நானே எத்தனை பேரிடம் ‘கொஞ்சம்தான்’ என்று சொல்லியிருப்பேன் என்பதை அப்போது நினைக்கவில்லை. இப்போதும் நினைக்க விருப்பமில்லை.

குளிப்பாட்டும்போது ஜிம்மியின் காதில் மூன்று அட்டை. எனக்கு ஏழு. நாய் விஷயம் சொல்ல வந்தேன் அல்லவா, அது கிடக்கட்டும். இறங்கி வருகிற அன்பர்களே, ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம் என்றே சொல்லித் தொலையுங்கள். ஜிம்மி 18 கிலோ.