பேஸ்மென்ட் விவசாயம்

கனடாவின் ஸ்காபரோவில் மார்ச் மாதம். வெளியே பனி இன்னும் கரையவில்லை. எங்கள் தமிழர் வீட்டுப் பேஸ்மென்டில் மட்டும் சித்திரை வெயில். அங்கே குடியிருப்பவை மிளகாய் நாற்றுகள். விதை முளைக்க மண் 25 முதல் 30 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கவேண்டும் என்பதால் தட்டுக்கு அடியில் மின்சார வெப்பப் பாய். மேலே மாமியார் இரண்டு போர்வைக்குள் நடுங்குகிறார். ஹீட்டரைக் கூட்டினால் பில் ஏறும் என்பது வீட்டுச் சட்டம். அவர் முளைக்கப்போவதில்லையே!

எல்.இ.டி விளக்கு நாளுக்கு 14 மணி நேரமாவது எரியவேண்டும். குறைந்தால் நாற்று வெளிறி, நெடுத்து, சாயும். தண்ணீர் கூடினால் தண்டின் அடி அழுகும். காற்றோட்டத்துக்கு ஒரு விசிறி. மே நடுப்பகுதியில் உறைபனி ஓய்ந்த பின்னும் உடனே நட்டுவிட முடியாது. ஒரு வாரம், பத்து நாள் பகலில் வெளியே வைத்து, இரவில் உள்ளே தூக்கி, குளிருக்கும் காற்றுக்கும் பழக்கவேண்டும். நம்மை யார் பழக்கினார்கள்? விமானத்தில் இருந்து நேரே பனிக்குள்.

இத்தனைக்கும் தமிழ்க்கடையில் பச்சை மிளகாய் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. ஆனால் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட முடியுமா?

கறிவேப்பிலையின் அந்தஸ்து வேறு. இலையுதிர் காலக் குளிர் தொடங்கும் முன்பே சட்டியோடு உள்ளே வந்து, விருந்தினர் அறையின் தெற்கு ஜன்னலைப் பிடித்துக்கொள்ளும். விருந்தாளிகள் ஹாலில் பாய் விரித்துப் படுக்கலாம்.